‘மாட்டோம்’ என்று சொல்ல உரிமை உண்டா?

“பேசினோம், ஒப்பந்தம் போட்டோம், கையெழுத்து வாங்கினோம். பிறகு என்ன குறை?”

சுரங்க முதலாளிகள் உலகெங்கும் பாடும் பல்லவி இது. மலையைக் குடைவார்கள், ஆற்றைத் திருப்புவார்கள், முன்னோர் புதைந்த மண்ணை லாரியில் அள்ளிப் போவார்கள். யாராவது கேள்வி கேட்டால் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு பத்திரத்தை நீட்டுவார்கள். “பாருங்கள், அந்த நிலத்தின் பூர்வகுடிகளே சம்மதித்திருக்கிறார்கள்” என்பார்கள்.

கையெழுத்து எப்படியெல்லாம் வாங்கப்படும் என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. ஆலை வாயிலில் கதவடைப்பு நோட்டீஸ் தொங்கும். வீட்டில் அடுப்பு எரியாது. மளிகைக் கடைக்காரர் கடன் இல்லை என்று கையை விரித்துவிடுவார். அந்த நேரத்தில் நீட்டப்படும் தாளில் இடப்படுவதும் கையெழுத்துதான். அதைச் சம்மதம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டான்.

ஆகவே, பேச்சுவார்த்தை நடந்ததா என்று கேட்டுவிட்டு நாம் நின்றுவிடக்கூடாது. பேச உட்கார்ந்தவனுக்கு எழுந்துபோகும் உரிமை இருந்ததா? அவன் ‘மாட்டோம்’ என்று சொன்னால் அந்தச் சொல் செல்லுபடியாகுமா? இதைத்தான் கேட்கவேண்டும். இந்தக் கேள்விக்கு நல்ல பாடமும் கெட்ட பாடமும் சேர்ந்து கிடைக்கும் நாடு ஆஸ்திரேலியா. அந்த நாட்டுக் கதையை நாம் இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. அதே கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது.

மரப்பட்டையில் ஒரு மனு

1963. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கோவ் தீபகற்பம். அங்கே யோல்ங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் காலடியில் பாக்சைட் இருந்தது; அலுமினியம் எடுக்கும் தாது அது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் சர்க்கார் அந்த நிலத்தைச் சுரங்கத்துக்காக ஒதுக்கிக் கொடுத்தது.

யோல்ங்கு மக்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதினார்கள். அதை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சித்திரங்களே அவர்களது நிலப்பட்டா. நாடாளுமன்றம் குழு அமைத்தது. ஆனால் சுரங்கம் நிற்கவில்லை. 1968ல் சுரங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1971ல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். உங்களுக்கென்று ஒழுங்கான சட்டமுறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் அது நிலவுடைமை ஆகாது என்று கைகழுவிவிட்டார்.

தீர்ப்பில் தோற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1972ல் தலைநகர் கான்பெராவில், நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே, பூர்வகுடி இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு நீதிபதி உட்வர்டு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. சுரங்கத்தைத் தடுக்கும் உரிமையை மறுத்துவிட்டு நில உரிமை கொடுத்தோம் என்று சொல்வதில் பொருளில்லை என்பது அந்தக் கமிஷன் கண்ட முடிவு. 1976ல் வடக்குப் பிரதேசத்துக்கு மட்டும் நில உரிமைச் சட்டம் வந்தது. கனிமம் தேட வரும் கம்பெனியை வாசலிலேயே நிறுத்தி ‘மாட்டோம்’ என்று சொல்லும் உரிமை அந்தப் பகுதி மக்களுக்குக் கிடைத்தது.

ஆனால் அதே சட்டத்திலேயே ஓர் ஓட்டையும் போடப்பட்டது. ரேஞ்சர் என்ற இடத்து யுரேனியத்துக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது என்று எழுதிவைத்தார்கள். எங்கே பணம் அதிகமோ, அங்கே உரிமை இல்லை!

ஆறு மாதக் கெடு

மற்ற மாநிலங்களின் கதை வேறு. 1992ல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம், வெள்ளையர் வருமுன் இந்த மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற பொய்யைத் தகர்த்தது. அதன் விளைவாக 1993ல் பூர்வகுடி நிலவுரிமைச் சட்டம் வந்தது. முதலாளிகள் கூக்குரலிட்டார்கள், வீட்டுக் கொல்லைப்புறம்கூடப் பறிபோகும் என்று பீதி கிளப்பினார்கள். உண்மையில் அந்தச் சட்டம் கொடுத்தது என்ன?

‘பேசும் உரிமை’ கொடுத்தது. பேச மட்டும்தான்.

கம்பெனி சுரங்கக் குத்தகை கேட்கும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் பேசவேண்டும், நல்லெண்ணத்தோடு பேசவேண்டும் என்கிறது சட்டம். ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால், எந்தத் தரப்பும் நடுவர் மன்றம் போகலாம். சுரங்கம் வரலாமா கூடாதா என்று மன்றம் தீர்மானிக்கும். அப்படி மன்றத்துக்குப் போன வழக்குகளில் ‘சுரங்கம் கூடாது’ என்று முதன்முதலாகத் தீர்ப்பு வந்தது எப்போது? 2009ல்! சட்டம் வந்து 15 ஆண்டுகள் கழித்து! அதற்குப் பிறகும் அப்படிப்பட்ட தீர்ப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

இதைவிடக் கூர்மையான முள் ஒன்று அதே சட்டத்தின் 38வது பிரிவில் இருக்கிறது. பேசித் தீர்த்துக்கொண்டால், வெட்டி எடுக்கும் தாதுவுக்கு ஏற்பப் பங்கு கேட்கலாம். பேச்சு முறிந்து நடுவர் மன்றம் போனாலோ, லாபத்திலும் வருமானத்திலும் உற்பத்தி அளவிலும் கணக்கிட்டுப் பணம் தரும்படி மன்றம் உத்தரவிடக்கூடாது!

தோழர்களே, இதன் பொருளைச் சற்று எண்ணிப்பாருங்கள். போனஸ் பேச்சு நடக்கிறது. “ஆறு மாதத்துக்குள் நிர்வாகம் சொல்லும் தொகைக்கு ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வழக்குப் போகும், வழக்கில் ஒரு காசு போனஸ்கூடக் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது, ஆலையும் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்” என்று சட்டமே முன்கூட்டி எழுதிவைத்தால், அந்த மேசையில் சங்கத் தலைவர் எந்த முகத்தோடு உட்காருவார்? வேலைநிறுத்த உரிமை இல்லாத இடத்தில் கூட்டுபேரம் என்பது கெஞ்சலாகத்தான் முடியும். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பெரும்பாலோர் அப்படிப்பட்ட மேசையில்தான் உட்கார வைக்கப்பட்டார்கள்.

எதிரே இருப்பவன் கையில் வழக்கறிஞர் படை, நிலவியல் அறிக்கை, கணக்கர்கள், காத்திருக்கப் பணம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மலைக்குள் எவ்வளவு தாது இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. விற்கும் பொருளின் அளவு வாங்குகிறவனுக்கு மட்டும் தெரிந்த சந்தை அது.

46,000 ஆண்டும் ஒரு வெடியும்

அந்த மேசையில் போட்ட கையெழுத்து எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2020 மே 24 அன்று உலகம் பார்த்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா, இரும்புத் தாது மலைமலையாய்க் கிடக்கும் பூமி. அங்கே ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள். புட்டு குன்ட்டி குர்ராமா, பினிகுரா என்னும் இரு குலத்தாருக்கும் அவை புனித இடங்கள். அங்கே 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியிருந்தார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் சான்று கண்டார்கள். 4,000 ஆண்டுப் பழமையான பின்னிய மனிதமுடி கிடைத்தது. சோதித்துப் பார்த்தால், இன்று அங்கே வாழும் மக்களின் முன்னோர் முடியே அது என்று தெரிந்தது. உலகில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு நிலப்பத்திரம் இருக்கும்?

ரியோ டின்டோ என்ற ராட்சதக் கம்பெனி அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. திருட்டுத்தனமாகச் செய்தது என்று எண்ணவேண்டாம், சட்டப்படியே செய்தது. 2013ல் மாநில அமைச்சரின் அனுமதி வாங்கியிருந்தது. 1972ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின் 18வது பிரிவு அதற்கு வழி செய்திருந்தது. அந்தச் சட்டத்தில் அமைச்சர் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கம்பெனிக்கு உரிமை உண்டு. குகைக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடையாது! 2010 முதல் 2020 வரை சுரங்கக் குத்தகை நிலங்களில் இப்படி 463 விண்ணப்பங்கள் போயின. மறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று.

2014ல் தோண்டிப் பார்த்தபோதுதான் குகைகளின் அருமை முழுமையாகத் தெரிந்தது. தெரிந்தும் அனுமதியைத் திருத்த வழியில்லை. சுரங்கத்தை விரிக்கக் கம்பெனியிடம் நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்று திட்டங்களில் குகைகள் தப்பியிருக்கும். நான்காவதில் கூடுதலாக 80 லட்சம் டன் தாது கிடைக்கும். மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். கம்பெனி நான்காவதைப் பிடித்தது. அந்த ஆண்டு அது சம்பாதித்தது 1,240 கோடி அமெரிக்க டாலர். அந்த மலைக்கு முன்னால் இந்தத் தொகை ஒரு கூழாங்கல்!

மக்கள் ஏன் கத்தவில்லை, ஊரைக் கூட்டவில்லை என்று கேட்கலாம். 2011ல் அவர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பணம் வரும், வேலை வரும் என்றது ஒப்பந்தம். கம்பெனியின் வேலைகளை எதிர்க்கக்கூடாது என்ற வாய்ப்பூட்டும் அதற்குள்ளேயே இருந்தது. பேச்சுவார்த்தையில் கம்பெனி வாங்கியது நிலத்தை மட்டுமல்ல, அந்த மக்களின் நாவையும் சேர்த்துத்தான். வெடிமருந்து நிரப்பிய செய்தியே அவர்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஜூலையில் வரும் விழாவுக்குக் குகையைப் பார்க்க அனுமதி கேட்டபோது, மே மாத நடுவில், விஷயம் வெளியே வந்தது. ஓடினார்கள், வேண்டினார்கள். காலம் கடந்துவிட்டது.

உலகம் காறித் துப்பியது. தலைமை அதிகாரியும் இன்னும் இரு பெரிய அதிகாரிகளும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்து, சட்டங்கள் மாறவேண்டும் என்று 2021ல் அறிக்கை கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு புதிய சட்டம் இயற்றி, 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பண்ணைக்காரர்களும் நில முதலாளிகளும் எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். ஐந்தே வாரத்தில், ஆகஸ்டில், அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது! சில திருத்தங்களோடு பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டமே திரும்பி வந்தது.

2025ல் அந்த மக்களோடு ரியோ டின்டோ புதிய ஒப்பந்தம் செய்திருக்கிறது. சுரங்கத் திட்டம் தீட்டும் முதல் நாளிலிருந்தே அவர்களைக் கலந்துகொள்வோம் என்கிறது. நல்லது. ஆனால் அந்த ஒரு வரியைப் பெற 46,000 ஆண்டுச் சொத்தை விலையாகக் கொடுக்க நேர்ந்ததே!

போட்டிச் சங்கம் கட்டும் வித்தை

அதே பில்பராவில் யிஞ்சிபார்ண்டி மக்களின் கதை நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு மிகவும் பழகிய கதையாக இருக்கும்.

போர்ட்டெஸ்க்யூ என்ற இரும்புக் கம்பெனி அவர்கள் நிலத்துக்கு வந்தது. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டிய தொகை தருகிறோம் என்றது. மைக்கேல் வுட்லி தலைமையில் மக்கள் அமைப்பு, எடுக்கும் தாதுவின் மதிப்பில் பங்கு வேண்டும் என்றது. பேச்சு முறிந்தது. அடுத்து என்ன நடந்தது? சமூகம் இரண்டாகப் பிளந்தது. கம்பெனி சொன்னதை ஏற்கத் தயாராயிருந்த குழு தனி அமைப்பாகப் பிரிந்தது; அதற்குக் கம்பெனி ஆதரவு கொடுத்தது, செலவுக்கும் உதவியது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். சாவு வீட்டிலும் முகம் பார்க்காத பகை.

பிரிந்து போனவர்களை நாம் ஏசப்போவதில்லை. வறுமையில் வாடும் குடும்பம், கிடைக்கும் பணம் கிடைக்கட்டும் என்று நினைப்பது இயற்கை. அந்த வறுமையைப் பேரத்தின் ஆயுதமாக்கியவனைத்தான் நாம் அடையாளம் காணவேண்டும். உறுதியான சங்கத்துக்கு எதிரே நிர்வாகம் போட்டிச் சங்கம் வளர்ப்பது நம் ஆலைகளில் காணாத காட்சியா?

ஒப்பந்தம் இல்லாமலே சுரங்கம் தோண்டப்பட்டது. மக்கள் சளைக்கவில்லை. 2017ல் மத்திய நீதிமன்றம் அந்த நிலத்தில் அவர்களுக்கு முழு, தனியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கம்பெனியின் மேல்முறையீடு 2020ல் உயர்நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. அதன்பின் இழப்பீட்டு வழக்கில் அவர்கள் கேட்ட தொகை 180 கோடி டாலர். முதலில் கேட்ட சிறு பங்கை அன்றே கொடுத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

அதே கம்பெனி, வேறு முகம்

வென்றவர்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள்.

வடக்குப் பிரதேசத்தில் ரேஞ்சருக்குப் பக்கத்திலேயே ஜபிலுக்கா என்ற யுரேனியப் படிவம். அது மிரார் மக்களின் நிலம். 1982ல் முந்திய தலைமுறை கையெழுத்துப் போட்டிருந்தது. அது நெருக்கி வாங்கிய சம்மதம், எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள் மிரார் மக்கள். 1998ல் இவோன் மார்கருலா என்ற பெண்மணியின் தலைமையில் மறியல் தொடங்கியது. எட்டு மாதம் நீடித்தது. நாடெங்குமிருந்து சுமார் 5,000 பேர் வந்து கலந்துகொண்டார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். மார்கருலா தம் சொந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகக் கைதானார்!

வேலை நின்றது. யுரேனிய விலை அப்போது சரிந்து கிடந்ததும், சுற்றியிருந்த காக்கடு வனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருந்ததும் அவர்களுக்குத் துணை நின்றன, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எந்தச் சாதகமும் தானாக வேலை செய்வதில்லை. மக்கள் உறுதியாக நின்றதால்தான் அவை பயன்பட்டன. தோண்டிய சுரங்கவழி 2003ல் திரும்ப மூடப்பட்டது. 2005ல் மிரார் மக்களின் சம்மதமின்றி இனி அங்கே கைவைக்கமாட்டோம் என்று எழுதி ஒப்பந்தமானது. 2024 ஜூலையில் அந்தக் குத்தகையைப் புதுப்பிக்க அரசும் மறுத்துவிட்டது.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜபிலுக்காவை வைத்திருந்த நிறுவனத்தின் பெரும்பங்கு 2000ஆம் ஆண்டிலேயே ரியோ டின்டோவின் கைக்கு வந்துவிட்டது. அதாவது, 2005ல் ‘உங்கள் சம்மதம் இல்லாமல் தொடமாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்ததும், 2020ல் குகையை வெடிவைத்துத் தகர்த்ததும் ஒரே முதலாளிதான்! ஓரிடத்தில் நல்லவனாகவும் ஓரிடத்தில் கெட்டவனாகவும் அவன் எப்படி ஆனான்? அவன் மனம் ஒன்றுதான். எதிரே நின்றவர்களின் பலம்தான் வேறு. ஓரிடத்தில் மறியல் இருந்தது. மற்றோரிடத்தில் வாய்ப்பூட்டு இருந்தது.

இவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகளா?

“எல்லோரும் மாட்டோம் என்றால் இரும்பு எங்கிருந்து வரும்? அலுமினியம் எங்கிருந்து வரும்? ஆலைத் தொழிலாளிக்கு வேலை எங்கே?” என்று சிலர் கேட்கிறார்கள். இது ஒதுக்கித்தள்ள வேண்டிய கேள்வியல்ல. நாமும் இரும்படிக்கிறவர்கள்தாம்.

மறுக்கும் உரிமை உள்ள வடக்குப் பிரதேசத்தையே பாருங்கள். அங்கே சுரங்கங்கள் அழிந்துவிட்டனவா? தனாமிப் பாலைவனத்தில் வார்ல்பிரி மக்களின் நிலத்தில் பெரிய தங்கச் சுரங்கம் நடக்கிறது, அவர்கள் சம்மதத்தோடு. அதிலிருந்து வரும் ராயல்டியைக் கொண்டு 2005 முதல் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று கல்வி நிதி நடத்துகிறார்கள். மரப்பட்டை மனு எழுதிய அதே கோவ் தீபகற்பத்தில் யோல்ங்கு மக்களே இன்று சொந்தமாகப் பாக்சைட் சுரங்கம் நடத்துகிறார்கள். மறுக்க முடிந்தவன்தான் மனமார ஒப்புக்கொள்ளவும் முடியும். மறுக்க முடியாதவன் ‘சரி’ என்றாலும் அதற்கு மதிப்பில்லை.

2025 மார்ச்சில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் யோல்ங்கு மக்களில் குமாஜ் குலத்தார் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர்களது நிலவுரிமையும் சொத்துரிமைதான். அதைப் பறித்ததற்கு நியாயமான இழப்பீடு கேட்க அரசியல் சட்டம் இடம் தருகிறது என்றது. 1963ல் மரப்பட்டையில் எழுதியதை நீதிமன்றம் படித்து முடிக்க 62 ஆண்டுகள் ஆயின!

தொழிலாளியும் நிலத்துக்காரனும் எதிரிகள் என்று காட்டுவது முதலாளியின் பழைய தந்திரம். பில்பராவின் வரலாறே அதற்கு மறுப்பு. அங்கே 1946 மே முதல் நாள், ஆட்டுப் பண்ணைகளில் அரைவயிற்றுக்கு உழைத்த சுமார் 800 பூர்வகுடித் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியேறினார்கள். மூன்று ஆண்டு நின்றார்கள். அவர்களுக்காகக் கப்பல் தொழிலாளர் சங்கம் அந்தப் பண்ணைகளின் கம்பளியைக் கப்பலில் ஏற்ற மறுத்தது. 1980ல் நூன்கன்பா என்ற இடத்தில் புனித நிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட அரசு முனைந்தபோது, துளை போடும் தொழிலாளிகளே கருவியைத் தொட மறுத்தார்கள். போலீஸ் காவலோடு லாரி வரிசை கட்டி, வெளியாட்களைக் கொண்டுவந்துதான் அரசு வேலையை நடத்த வேண்டியிருந்தது. கிணறு தோண்டப்பட்டது, ஆனால் தொழிலாளியின் கை அதில் படவில்லை. அந்தப் பெருமையை யாரால் அழிக்க முடியும்?

நம் வீட்டு வாசலில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒடிசாவில் நியமகிரி மலை. டோங்ரியா கோந்து மக்களின் தெய்வம் நியமராஜா குடியிருக்கும் மலை. மலையுச்சியில் பாக்சைட். தூத்துக்குடி மக்கள் நன்றாக அறிந்த வேதாந்தா குழுமம்தான் அங்கேயும் வந்தது. மலையைத் தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே, அடிவாரத்தில் லாஞ்சிகட்டில் அலுமினா ஆலையைக் கட்டி முடித்தது. தாலி கட்டுவதற்கு முன்பே பந்தி பரிமாறிய கதை!

ஆனால் 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் அந்த மக்கள் கையில் ஓர் ஆயுதமாக இருந்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமைக்கும் வன உரிமைக்கும் கேடு வருமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் மாநில அரசு 12 ஊர்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. நீதிபதி முன்னிலையில் சபை கூடியது. பன்னிரண்டு ஊரும் ஒரே குரலில் ‘மாட்டோம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. ஆலை மூடப்பட்டதா? இல்லை, வேறிடத்துத் தாதுவைக் கொண்டு இன்றும் ஓடுகிறது. மலையும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது.

இப்படி ஒரு வெற்றியைக் கண்டபின் ஆள்வோர் சும்மா இருப்பார்களா? 2022ல் வனப் பாதுகாப்பு விதிகள் மாற்றப்பட்டன. முன்பு, கிராம சபையின் சம்மதம் வந்த பிறகே மத்திய அரசு இறுதி அனுமதி தரவேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. புதிய விதிப்படி மத்திய அனுமதி முதலில் வந்துவிடலாம்; மக்கள் உரிமையைப் பற்றி மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளும். கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டது, டெல்லி முத்திரை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கிராம சபையைக் கூட்டினால், அது கேட்பதா, தெரிவிப்பதா? 2025 செப்டம்பரில் இன்னொரு அடி விழுந்தது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எனப் பட்டியலிட்டவற்றின் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்தது.

அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. மேலூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியின் டங்ஸ்டன் வட்டாரம் ஏலம் போனது. எடுத்தது வேதாந்தா குழுமத்து இந்துஸ்தான் ஜிங்க். அந்த ஊர் மக்களுக்கு ஏலம் முடிந்த பிறகே செய்தி தெரிந்தது. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஊர் ஊராக மக்கள் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அங்கே ‘மாட்டோம்’ என்ற சொல் செல்லுபடியானது, சட்டம் இடம் கொடுத்ததால் அல்ல, தெரு நிறைந்ததால். தெரு நிறையாத ஊருக்கு, ஆயிரம் பேர்கூட இல்லாத மலைக் கிராமத்துக்கு, யார் துணை?

2007ல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது அது. ஆஸ்திரேலியா அன்று எதிர்த்து வாக்களித்து, 2009ல் மனம் மாறியது. இந்தியா அன்றே ஆதரித்து வாக்களித்தது. வெளியூரில் கை தூக்கிவிட்டு உள்ளூரில் கை நழுவுவது என்ன நாணயம்?

தோழர்களே, இந்த நெடுங்கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பேச்சு ஏலத்துக்கு முன்னால் நடக்கவேண்டும், பின்னால் அல்ல. மண்ணுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு இரு தரப்பு மேசையிலும் இருக்கவேண்டும். மக்கள் தரப்பு வழக்கறிஞரையும் நிபுணரையும் மக்களே தேர்ந்தெடுக்கவேண்டும். வாய்ப்பூட்டு விதி எந்த ஒப்பந்தத்திலும் கூடாது. பங்கு என்றால் எடுக்கும் அளவுக்கேற்ற பங்கு. ஒருமுறை வீசும் காசு பங்காகாது. புதிய உண்மை வெளிப்பட்டால் பழைய அனுமதியைத் திருப்பிப் பார்க்க வழி வேண்டும். இவை அனைத்துக்கும் அடிப்படையாக, ‘மாட்டோம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடம் வேண்டும்.

இதை மலைவாழ் மக்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டால், நாளை ஆலை வாயிலில் நம் கூட்டுபேர உரிமைக்கும் அதே கெடு வைக்கப்படும்போது கேட்க ஆள் இருக்காது. பில்பராவின் கம்பளியைத் தொட மறுத்த கப்பல் தொழிலாளிக்கு அந்தப் பாலைவனத்து மக்களோடு எந்த உறவும் இல்லை; முகம்கூடப் பார்த்ததில்லை. உழைக்கிறவன் என்ற ஓர் உறவு போதுமாயிருந்தது. அது நமக்கும் போதும். மலையில் ஒருவன் ‘மாட்டேன்’ என்றால், ஆலையில் உள்ளவன் அவன் பக்கத்தில் நிற்கட்டும். கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், கிராம சபை கூடும் நாளில் போய் உட்காருங்கள். கையெழுத்துக் கேட்டு வருகிறவன், பதிலுக்காகக் காத்திருக்கப் பழகட்டும்!